தண்ணீர் கேட்டவர்

(புதுக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் ஒரு நிபந்தனை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு சமயத்தின் அறக்கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பேசுகிறவர் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. குறும்பான நிபந்தனைதான். சொந்த வீட்டுச் சமையலை நாக்கு கவனிப்பதில்லை, அடுத்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்தான் உப்பு தெரிகிறது என்று நினைத்திருப்பார் போலும். இந்த ஆண்டு கிறிஸ்தவத்தின் முறை. அன்பு, மன்னிப்பு, ஒதுக்கப்பட்டவரை ஏற்றல் என்று மூன்றையும் சேர்த்து ஒரே தலைப்பாகக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். நீளமான தலைப்பைச் சுருக்குவது பழகிய வேலை. 'தண்ணீர் கேட்டவர்' என்று வைத்துக்கொண்டேன்.

புதுக்கோட்டைக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சீமை இது. குளிக்க ஒரு ஊருணி, குடிக்க ஒரு ஊருணி என்று பிரித்தார்கள். அது சுகாதாரம். குடிக்கிற ஊருணியில் இன்னார் இறங்கலாம், இன்னார் கரையிலேயே நிற்க வேண்டும் என்றும் பிரித்தார்கள். அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

யோவான் நற்செய்தியின் நாலாம் அதிகாரத்தில் ஒரு கிணறு வருகிறது. சிக்கார் என்ற ஊருக்கு வெளியே, யாக்கோபின் கிணறு. உச்சிவெயில். நடந்து களைத்த இயேசு கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். சீடர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். சமாரியப் பெண் ஒருத்தி குடத்தோடு வருகிறாள். இவர் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவளுக்குத் திகைப்பு. யூதராகிய நீங்கள் சமாரியப் பெண்ணாகிய என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்கிறாள். யூதர்கள் சமாரியரோடு பழகுவதில்லை என்று யோவான் அங்கே ஒரு குறிப்புப் போடுகிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வரும் வினைச்சொல்லுக்குச் சில உரைகாரர்கள் வேறு பொருள் சொல்கிறார்கள்: சேர்ந்து புழங்குவதில்லை, அதாவது ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்துவதில்லை. நமக்கு அகராதியே வேண்டாம். 'புழங்குவது' என்றால் என்ன என்று இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அவள் சொல்வதைக் கவனியுங்கள். கிணறு ஆழம், மொண்டு குடிக்க உங்களிடம் ஒன்றும் இல்லையே என்கிறாள். அப்படியானால் இவர் குடிக்க வேண்டுமென்றால் அவள் குடத்தில்தான் குடிக்க வேண்டும். வேறு வழியே இல்லை. தெரிந்துதான் கேட்கிறார். எட்ட நின்று கையேந்திக் குடிக்கிறேன், தூக்கி ஊற்று என்று அவர் சொன்னதாக யோவான் எழுதவில்லை.

தூக்கி ஊற்றுவது என்றேன். அதைப் பார்த்தவன் நான்.

எங்கள் ஊரில் கடலை பறிப்புக்குக் காலனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். என் அப்பத்தா தாராள மனசுக்காரி. பதினோரு மணி வெயிலில் சொம்பும் குடமுமாக வரப்புக்கு வந்துவிடுவாள். அவர்கள் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து, வாயருகே வைத்துக்கொள்வார்கள். அப்பத்தா இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி வாய்க்குள் போகும். பாதி முழங்கை வழியாக ஓடி மண்ணில் சொட்டும். அந்த ஈரத்தில் சிவப்பு மண் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. போதும் என்று சொல்ல வாய் ஒழியாது, தலையை ஆட்டுவார்கள். ஊரே அப்பத்தாவைப் புண்ணியவதி என்றது.

எனக்கு ஏழு வயசிருக்கும். ஒருநாள் வேப்பமரத்தடியில் ஓர் அம்மா தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மோர் ஊற்றிய கம்பங்கஞ்சி, கடித்துக்கொள்ள வெங்காயம். நான் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி அந்த மூடியிலேயே ஊற்றிக் கொடுத்தார். வாய் வைத்துக் குடித்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள். அன்று எனக்கு விழுந்த அடியைவிட, அந்த அம்மாவின் முகத்தில் நான் கண்ட பயம்தான் பெரிது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அப்பத்தா மறுநாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள்.

கொடுப்பது அங்கே புண்ணியம். வாங்கிக் குடித்தது குற்றம். நான் இன்று சொல்ல வந்ததே இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு உரை.

எச்சிலைப் பற்றி நம் மரபிலேயே இரண்டு பேச்சு உண்டு. கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த தண்ணீரைச் சிவன் ஏற்றுக்கொண்டார் என்று உருகுகிறது பெரிய புராணம். அதே பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் தில்லைக்குள் நுழையத் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது. எந்தப் பேச்சை நாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம் என்பதுதான் கேள்வி. சிக்கார் கிணற்றடியில் அந்தப் பெண்ணிடம் குளித்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஐந்து கணவர் இருந்தார்கள் என்பதும் பேச்சில் வருகிறது. அதற்காகப் பேச்சு நிற்கவும் இல்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நற்செய்திகளைப் படித்தால் ஒன்று தட்டுப்படுகிறது. இயேசு கொடுத்தவற்றை எல்லோரும் சொல்கிறார்கள்: அப்பம், பார்வை, சுகம். அவர் கேட்டு வாங்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எரிகோவில் வரி வசூலிப்பவரான சக்கேயு மரத்தில் ஏறிப் பார்க்கிறார். ஊர் வெறுக்கிற ஆள். இயேசு அண்ணாந்து பார்த்து, கீழே இறங்கு, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அழைக்காத வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போகிறார். கூட்டம் முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பு போதனையைக் கேட்டு எழுந்ததில்லை, இலை போட்டதைப் பார்த்து எழுந்தது.

நல்ல சமாரியன் கதையையும் நாம் கொடுப்பவன் பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். அடிபட்டுக் கிடந்தவன் பக்கம் போய்ப் படுத்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழி. குருவும் லேவியனும் விலகிப் போனார்கள். யாரைத் தொட்டால் தீட்டு என்று வளர்ந்தானோ, அந்தக் கை எண்ணெய் ஊற்றுகிறது, தூக்கிக் கழுதையில் ஏற்றுகிறது. உயிர் வேண்டுமென்றால் அந்தக் கையை ஏற்க வேண்டும். கதை முடிந்ததும் இயேசு கேட்கிறார், யார் அவனுக்கு அயலான்? கேள்வி கேட்ட சட்ட அறிஞருக்குச் 'சமாரியன்' என்ற சொல் வாயில் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைக்கிறார். நம்மூரிலும் பெயர் சொல்ல மாட்டார்கள். 'அந்தப் பக்கத்து ஆள்' என்பார்கள், 'காலனி' என்பார்கள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான்.

இந்தக் கதைகளைக் கொண்டுவந்த சபை இந்த மண்ணில் எப்படிப் புழங்கியது? நம் மாவட்டத்து ஆவூரிலிருந்து தொடங்குகிறேன். மாதா கோயிலும் உயிர்ப்புக் காலத்துப் பாஸ்கா நாடகமும் தேரும் உங்களில் பலருக்குத் தெரியும். வீரமாமுனிவர் பணியாற்றிய இடம். பழைய கோயிலைப் பூஷே பாதிரியார் 1547இல் கட்டினார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் அச்சிட்டிருக்கிறார்கள். பூஷே பிறந்தது 1655இல். பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே கோயில் கட்டியவர் என்றால் அதுவே பெரிய அற்புதம்தான்! 17ஆம் நூற்றாண்டின் இறுதி என்று திருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பாஸ்கா நாடகத்துக்கு எல்லாச் சமயத்தாரும் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். சிலுவையில் இயேசுவாக நடித்தவர் தாகமாயிருக்கிறது என்று சொன்னபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, நாடகம் என்பதை மறந்து, பக்கத்தில் வைத்திருந்த சொம்பை எட்டி எடுத்தார். பேத்தி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தத் தாகமும் யோவான் நற்செய்தியில்தான் வருகிறது. தொடக்கத்தில் கிணற்றடியில் தண்ணீர் கேட்டவரை அதே ஆசிரியர் முடிவிலும் தாகம் என்று சொல்ல வைக்கிறார். அப்போது அவருக்குக் கிடைத்தது காடி.

ஆவூர் எந்த மரபில் எழுந்தது? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய சேசு சபையின் மதுரை மிஷன். நொபிலி காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், பிராமணரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டார். தமிழுக்கு அவர் செய்தது பெரிது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உயர்சாதியாரிடம் போக ஒரு வகைத் துறவி, மற்றவரிடம் போகப் பண்டாரசாமி என்று மிஷனே பின்னால் இரண்டு வரிசை வைத்துக்கொண்டது. ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் பண்டாரசாமி வரிசைக்காரர். சேதுபதிச் சீமையில் அவருக்கு நேர்ந்த முடிவு எல்லாருக்கும் தெரியும். யாருடைய குடிசையில் அவர் தங்கிச் சாப்பிட்டார் என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

புராட்டஸ்டண்டுகள் மட்டும் வேறா? தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆலயத்தில் தனித்தனி இடம், திருவிருந்துக்கு வருவதில் முன்பின் முறை. திருவிருந்து என்பதே ஒரே கிண்ணத்தில் குடிப்பது. எச்சில் பார்க்கிற ஊருக்கு அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தது வரலாற்றின் குறும்பு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சைப் பகுதியில் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கும் முன்பே, சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்கும் முயற்சிகளை எதிர்த்து எழுதியவர் சாமானியர் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவரை உருக வைத்த புலவர். அவருடைய பாட்டை நான் நேசிக்கிறேன். இந்த இடத்தில் அவர் தவறு செய்தார் என்று சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாதது வடக்கன்குளம். அந்த ஊரில்தான் 1745இல் நீலகண்டன் என்பவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரண்மனைப் பணியாளர், உயர்சாதி. தாழ்த்தப்பட்டவர் என்று சொல்லப்பட்டவர்களோடு கலந்து பழகினார், அவர்களோடு சாப்பிட்டார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவித்தபோது பெயரின் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் என்ன கட்டினார்கள் தெரியுமா? பீடம் ஒன்று, அதிலிருந்து காலைப் பரப்பினாற்போல இரண்டு கூடங்கள், நடுவே சுவர். இந்தச் சாதியார் ஒரு காலில், மற்றச் சாதியார் மறு காலில். குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. அந்தச் சுவர் இடிபட இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

இதைச் சொல்வது கிறிஸ்தவர்களைக் குத்திக்காட்டுவதற்காக என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி கொடுத்தார்கள், அச்சுக்கூடம் கொடுத்தார்கள். என் தலைமுறையில் படித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கடனைச் சுமப்பவர்கள்தாம். கொடுப்பதில் சபை ஒருபோதும் பின்னடையவில்லை. தடுமாறியதெல்லாம் வாங்கிக் குடிக்கிற இடத்தில். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. வெளியில் அரசாங்கம் வேறு கதவை அடைத்து வைத்திருக்கிறது: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். சபைக்குள் தலித், சலுகைக்கு மட்டும் தலித் இல்லை.

இப்போது இந்த அரங்கில் எல்லோர் மனதிலும் இருக்கிற ஊருக்கு வருகிறேன். முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயல். குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2022 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மேல்நிலைத் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். தலித் குடும்பங்கள் குடிக்கிற தொட்டியில் மனித மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் போனபோது பக்கத்து இறையூர் டீக்கடையில் தனிக் குவளை இருந்தது தெரியவந்தது. அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்களை அழைத்துப் போனார்கள். வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் பெயரே வந்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. தனிக் குவளைக்குத் தீர்ப்பு வேண்டாம். அது கண்ணால் கண்டது. அந்தக் குவளையில் டீ கொடுக்கத்தான் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு டீ இல்லை என்று சொல்லவில்லை. என் அப்பத்தாவும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை.

இனி மன்னிப்பு. இந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அடி வாங்கியவனைப் பார்த்து, மறந்துவிடு, மன்னித்துவிடு, ஊர் ஒற்றுமை முக்கியம் என்று சொல்லத்தான் இங்கே அது அதிகம் பயன்படுகிறது. சமாதானக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மலைப்பொழிவில் இயேசு சொல்வது நேர்மாறு. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். யாருடைய கால் நடக்க வேண்டும்? தப்பு செய்தவனுடைய கால். சக்கேயுவும் மன்னிப்புப் பெற்றதாகச் சொல்லி நன்றியோடு நின்றுவிடவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்று அங்கேயே கணக்குச் சொல்கிறார். 

பாதிக்கப்பட்டவர் தாமே மன்னித்த கதையும் உண்டு, இல்லாமல் இல்லை. 1995 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் ராணி மரியா என்ற கன்னியாஸ்திரியைப் பேருந்திலிருந்து இழுத்து, சமந்தர் சிங் என்பவர் ஐம்பது தடவைக்கு மேல் குத்திக் கொன்றார். 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்குப் போய்க் கொன்றவர் கையில் ராக்கி கட்டினார். 2017இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் அந்த மனிதரும் இருந்தார். செல்மியை யாரும் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்து வற்புறுத்தவில்லை. அந்த உரிமை அவருடையது. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இல்லை.

லூக்கா இன்னொரு சமாரிய ஊரைக் காட்டுகிறார். எருசலேம் போகிற வழியில் அந்த ஊரார் இயேசுவுக்கு இடம் தர மறுக்கிறார்கள். சீடர்களான யாக்கோபும் யோவானும் கொதிக்கிறார்கள்: வானத்திலிருந்து தீ வந்து இந்த ஊரை எரிக்கட்டும் என்று சொல்லட்டுமா? இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டு வேறு ஊருக்கு நடக்கிறார். அவமானப்பட்டவன் ஊரை எரிப்பதைப் பற்றிய இந்தச் சின்னச் சம்பவத்தைப் படிக்கும்போது எனக்கு நினைவு போவது பக்கத்துச் சீமைக்கு. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி கேட்ட தலித் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதில் இறந்தவர்கள் 44 பேர். அன்றும் கிறிஸ்துமஸ்தான்.

அந்தக் கஞ்சி கொடுத்த அம்மாவை நான் அதன்பிறகு பார்க்கவில்லை. பெரியவனானதும் தேடியிருக்கலாம், தேடவில்லை. பட்டம், வேலை, கல்யாணம் என்று காலம் ஓடிவிட்டது. அவர் என்னை மன்னித்திருப்பாரா என்று சில இரவுகளில் நினைப்பதுண்டு. உடனே வெட்கமாகிவிடும். காணிக்கையோடு பீடத்தருகே நின்றுகொண்டே யோசிக்கிறவன் நான். நடந்திருக்க வேண்டியது ஒன்றரை மைல்.

சிக்கார் கிணற்றடியில் கதையை விட்டுவிட்டு வந்தோம். யோவான் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். அந்தப் பெண் கடைசியில் தண்ணீர் கொடுத்தாளா? தெரியாது. சீடர்கள் சாப்பாட்டோடு திரும்பி வருகிறார்கள். பேச்சு சுவாரசியத்தில் அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடிவிடுகிறாள். சீடர்கள் சாப்பாட்டோடு திரும்பி வருகிறார்கள். ஊரார் திரண்டு வந்து, எங்களோடு தங்குங்கள் என்று கேட்கிறார்கள். அவர் இரண்டு நாள் அந்த ஊரில் தங்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் யோவான்.

எனக்கு அந்த இரண்டு நாள்தான் வேண்டும். யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார், அடுப்பில் என்ன வெந்தது, கூட வந்த சீடர்கள் முதல் கவளத்தை எப்படி விழுங்கினார்கள். யாக்கோபும் யோவானும் அந்தப் பந்தியில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் என்றால் குறைந்தது நாலு வேளைச் சாப்பாடு. இடையில் எத்தனை முறை தண்ணீர் தவித்திருக்கும்.